அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், ஙப்பியை என்ன செய்வது?

தட்டோன் மகள் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, யாங்கோனில் என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். பிரஷர் 180ஐத் தாண்டியிருந்தது. அனுப்பும்போது டாக்டர் சொன்னது: எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும், அதற்கும் கீழே போனால் இன்னும் நல்லது. கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். 'உப்பைக் குறைக்கவும், காய்கறி சேர்க்கவும்' என்று பர்மிய மொழியில் நாலு வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு ரசம்கூட வைக்க முடியாது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே குழம்பு, ரசம், பொரியல் எல்லாவற்றிலும் உப்பைப் பாதியாக்கினேன். அப்பா ஒரு வாய் வைத்தார். "எனக்கென்ன பிள்ளை பெத்த பத்தியமா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அம்மா என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டோரம் ஒரு கரண்டி ஙப்பி (உப்பில் ஊறிய மீன், இறால் விழுது) வைக்கிறார். தினமும் நடக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறான். இன்னும் பிரிக்கவில்லை. அதைப் போட்டால் வழக்கம்போலச் சமைக்கலாமா? இல்லை என்றால் வேறு என்ன போட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்கும்?

பெகு மாமா | திங்கள், இரவு 10.15

அம்மாடி, முதலில் அந்தக் கடைத்தூள் உப்பைத் தூக்கிப் போடு. இந்துப்பு வாங்கு. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அதுதான். உடம்புக்குக் குளிர்ச்சி, பிரஷரும் ஏறாது.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.50

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்துப்பும் உப்புதான். அந்த இளஞ்சிவப்பு நிறம் அதில் கலந்திருக்கும் துளி இரும்பால் வருவது. மற்றபடி சாதா உப்பில் இருக்கும் சோடியம் ஏறக்குறைய அதிலும் இருக்கிறது. கல்லுப்பும் அப்படியே. கல்லுப்பை டீஸ்பூனில் அள்ளினால் இடைவெளி விட்டு நிற்பதால் எடை கொஞ்சம் குறையும், அதுதான் நமக்குக் குறைத்த மாதிரி தோன்றுகிறது. இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டோன் தங்கச்சி, அந்த சிங்கப்பூர் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஒன்று சொல்லு. அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? கிட்னி டெஸ்ட் எடுத்தார்களா?

தட்டோன் மகள் | செவ்வாய், காலை 6.30

அக்கா, மாத்திரைச் சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். லோசார்ட்டான் 50, அம்லோடிபின் 5, நீர் இறங்க ஸ்பைரோனோலாக்டோன் 25. கிட்னி டெஸ்டில் கிரியாட்டினின் 1.6 என்று இருக்கிறது. பாக்கெட்டின் பின்னால் 'பொட்டாசியம் குளோரைடு' என்று போட்டிருக்கிறது.

இரவுப்பணி | செவ்வாய், காலை 7.05

நினைத்தேன். பிரிக்காதே.

அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் வைத்திருப்பார்கள். கெட்ட பொருள் இல்லை, நல்ல பொருள்தான். சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை வைத்து ஐந்து வருடம் போல ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவு 2021இல் வந்தது. பாதி ஊர்களுக்கு முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்து கொடுத்தார்கள். அந்த ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பொதுவாகப் பரிந்துரைத்தது.

ஆனால் யாருக்கு? கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு. வேண்டாத பொட்டாசியத்தை வெளியேற்றுவது கிட்னி. அப்பாவுக்கு அது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அதோடு லோசார்ட்டானும் ஸ்பைரோனோலாக்டோனும் இரண்டுமே உடம்பில் பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஏறுவது வெளியே தெரியாது, நேரே இதயத் துடிப்பில் கை வைக்கும். சீனா ஆய்விலேயே கிட்னி ரொம்பக் கெட்டவர்கள், இந்த மாதிரி நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்த வீடுகளைச் சேர்க்கவில்லை.

இந்த வாரமே டாக்டரிடம் பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டு. பொட்டாசியம் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேள். நான் நர்ஸ்தான், உன் அப்பாவின் டாக்டர் இல்லை.

மசாலா பாய் | செவ்வாய், மதியம் 1.20

தங்கச்சி, நான் தெயிஞ்ஜி சந்தையில் மளிகை, மசாலா வியாபாரம். உப்பு விற்கிறவன் சொல்கிறேன், உங்கள் வீட்டு உப்பு உப்பு ஜாடியில் இல்லை.

கணக்குப் பாருங்கள். அப்பாவுக்கு நாள் முழுக்க 5 கிராம் உப்பு என்றால் 2,000 மில்லிகிராம் சோடியம். மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 1,400 போலப் போய்விடும். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி 900. பாக்கெட் நூடுல்ஸை அதன் மசாலாவோடு சேர்த்துச் சாப்பிட்டால் பல பாக்கெட்டுகளில் 1,500க்கு மேல். ஙப்பி இதற்கெல்லாம் அண்ணன். மீனையும் இறாலையும் அழுகாமல் நிறுத்துவதே அந்த உப்புதான். இதையெல்லாம் விட்டுவிட்டு ரசத்தில் அரை ஸ்பூனைக் குறைத்தால், அப்பாவுக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்.

சூப் கட்டி, அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, காய்ந்த இறால், கடை பலாச்சாங் (வறுத்த இறால் தொக்கு) எல்லாவற்றையும் ஒரு தரம் மேசையில் எடுத்து வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தபோது மேசை நிறைந்துவிட்டது.

இளங்காற்று | செவ்வாய், மாலை 5.10

அஜினமோட்டோவை விட்டுவிட்டீர்களே பாய். அதுதான் முதல் விஷம். இந்த ஊரில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் போடுகிறார்கள்.

மசாலா பாய் | செவ்வாய், மாலை 6.00

தம்பி, விஷம் என்று சொல்ல மாட்டேன். சாதா உப்பில் நூற்றுக்கு 40 பங்கு சோடியம் என்றால் அதில் 12 பங்குதான். உப்பைப் பாதியாக்கிவிட்டு ஒரு சிட்டிகை அதைப் போட்டால் மொத்த சோடியம் குறையத்தான் செய்யும். நம் ஆட்கள் உப்பையும் முழுசாகப் போட்டு, மீன் சாஸும் ஊற்றி, அதற்கு மேல் அதையும் ஒரு ஸ்பூன் கொட்டுகிறார்கள். ஒரு ஸ்பூன் என்றால் 500 மில்லிகிராம் சோடியம் அதிலேயே வந்துவிடும்.

இளங்காற்று | செவ்வாய், மாலை 6.12

எங்கள் வீட்டில் போட மாட்டோம். அவ்வளவுதான்.

மோல்மேன் அத்தை | செவ்வாய், இரவு 8.45

மகளே, என் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருடமாக உப்புக் குறைத்துச் சமைக்கிறேன். முதல் மூன்று மாதம் நானும் உன்னைப் போலத்தான் அழுதேன். நீ செய்த தப்பு எதுவென்றால், எல்லாவற்றிலும் பாதியாக்கியது. எல்லாவற்றையும் பாதியாக்கினால் எல்லாமே சப்பென்று இருக்கும், ஒன்றுகூட நாக்கில் நிற்காது. ஒரு சாப்பாட்டில் ஒரே ஒன்றில் உப்பு வை. மற்றதில் வைக்காதே. சோற்றுக்கு இங்கே யாரும் உப்புப் போடுவதில்லை, அது நமக்கு நல்லதாகப் போயிற்று. குழம்பில் இருக்கட்டும், பொரியல் உப்பில்லாமல் தேங்காய்ப்பூ, மிளகாய், கறிவேப்பிலையோடு இருக்கட்டும். இரண்டையும் பிசைந்து சாப்பிடும்போது வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, உப்பைக் கொதியில் போடாதே. கொதித்த குழம்பில் கரைந்த உப்பு நாக்கில் குறைவாகத்தான் தெரியும். இறக்கி, தட்டில் போட்ட பிறகு மேலே தூவு. என் வீட்டில் ஒரு பழைய தைல டப்பா இருக்கிறது, கட்டைவிரல் உயரம். காலையில் அதில் மட்டமாக அரை டீஸ்பூன் உப்புப் போடுவேன். அது அவருடைய அன்றைய உப்பு. சாப்பிடும்போது அவரே தூவிக்கொள்வார். காலையிலேயே காலி பண்ணிவிட்டால் ராத்திரி சப்பென்று சாப்பிட வேண்டியதுதான். முதல் வாரம் மதியத்துக்குள் டப்பா காலி. இப்போது சில நாள் மிச்சம் வைக்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு நாம் குறைத்தால் கோபம் வரும், அவர்களே குறைத்தால் பெருமை.

மசாலாவையும் மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். உப்பு கசப்பை அமுக்கி வைக்கும். உப்பை எடுத்தால் அமுங்கிக் கிடந்த கசப்பெல்லாம் எழுந்து உட்காரும். அதனால் சாம்பார்ப் பொடியில் வெந்தயத்தைப் பாதியாக்கு, மஞ்சளைக் குறை, பூண்டைக் கருக விடாதே. தனியாவையும் சீரகத்தையும் அப்போதைக்கப்போது வறுத்து இடி. புளியும் அப்படித்தான். உப்பில்லாத குழம்பில் வழக்கமான புளி பல்லைக் கூசும். புளியைக் குறைத்துவிட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழி, ஒரு துண்டு வெல்லம் போடு. வெல்லத்தை அவரிடம் சொல்லாதே.

ஙப்பி பற்றிக் கேட்டாயே. அப்பா தொஸாயா, அதாவது அவித்த வெண்டை, வெள்ளரி, மாங்காய் எல்லாம் அதில் தொட்டுத்தானே சாப்பிடுவார்? அப்படியென்றால் அவருக்கு வேண்டியது தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று, காரமாக, புகை வாசத்தோடு. இதைச் செய்து பார். இன்லே தக்காளி நாலு, பச்சை மிளகாய் ஆறு, பூண்டு ஒரு முழுசு, எல்லாவற்றையும் கரியடுப்பில் தோல் கருகும் வரை சுடு. தோலை உரித்துவிட்டு உரலில் ஒன்றிரண்டாக இடி. மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும். வறுத்த நிலக்கடலைப் பொடி ஒரு கரண்டி, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி, மல்லித்தழை, எலுமிச்சை. மேலே டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்.

ஒன்று மறந்துவிட்டேன். எங்கள் மாமியார் கும்பகோணம் பக்கம். அங்கே உப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு உப்பே இல்லாமல்தான் தளிகை. சாமியே சாப்பிடுகிறார் என்று சொல்லிப் பார், என் வீட்டில் பலித்தது.

தட்டோன் மகள் | செவ்வாய், இரவு 9.20

அத்தை, இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். வெந்தயம்! அப்பா முதல் நாளே "குழம்பு கசக்குது" என்றார். சண்டை போடுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

இரவுப்பணி | புதன், காலை 5.50

அத்தை சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. தக்காளி நாலு வேண்டாம். அதிலும் பொட்டாசியம் உண்டு. டெஸ்ட் முடிவு வரும் வரை ஒரு தக்காளி போதும், மீதிக்குப் பெரிய வெங்காயத்தைச் சுட்டுப் போடு. உடம்புக்கு நல்லதென்று இளநீர் வாங்கிக் கொடுக்காதே, அதுவும் பொட்டாசியம். கருவாடு தவிர்க்க முடியாத நாளில் பல தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்துவிட்டுச் சமை. முழுசாகப் போகாது, குறையும்.

மோல்மேன் அத்தை | புதன், காலை 8.10

நர்ஸ் பிள்ளை சொல்வதைக் கேள் மகளே. என் வீட்டுக்காரருக்கு கிட்னி நன்றாக இருக்கிறது, நான் அதை நினைக்கவில்லை.

படகுக்காரன், டாலா | புதன், மதியம் 12.30

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்ட் வருகிற வீட்டில், காலையில் சமைத்த குழம்பு ராத்திரிக்கு நிற்க வேண்டாமா? உப்புப் போட்டால்தான் நிற்கும். ஊறுகாயும் கருவாடும் ஙப்பியும் எங்கள் பக்கம் ருசிக்காக மட்டும் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அதுதான் ஃபிரிட்ஜ். உப்புக் குறைத்து எலுமிச்சை ஊறுகாய் போட்டேன், நாலாம் நாள் மேலே பூஞ்சை.

மசாலா பாய் | புதன், மதியம் 2.00

அது நியாயம் அண்ணே. உப்புக் குறைத்து ஊறுகாய் போட முடியாது, போடவும் கூடாது. ஊறுகாய் வேண்டுமென்றால் அன்றன்றைக்கு மாங்காயைச் சீவி, மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, சூடான நல்லெண்ணெய் போட்டுப் பிரட்டி அன்றைக்கே முடித்துவிட வேண்டியதுதான். கெடாத பொடிகளும் சொல்கிறேன்: எள்ளு, நிலக்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை வறுத்து உப்பில்லாமல் பொடித்து வைத்தால் பாட்டிலில் இரண்டு வாரம் நிற்கும், கரண்ட் வேண்டாம். சோற்றில் போட்டு எண்ணெய் ஊற்றிப் பிசையலாம்.

குழம்பு ராத்திரிக்கு நிற்க நீங்கள் போடுகிற உப்பு போதாது. மீன் குழம்பை நிறுத்துவது புளியும், ராத்திரி மறுபடி கொதிக்க வைப்பதும்தான்.

படகுக்காரன், டாலா | புதன், மதியம் 2.15

பொடி விஷயம் பரவாயில்லை. வீட்டில் சொல்கிறேன்.

தட்டோன் மகள் | அடுத்த செவ்வாய், இரவு 8.00

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். பொட்டாசியம் 5.4, கொஞ்சம் கூடுதல். சிங்கப்பூர் உப்பைத் தொடவே கூடாது என்றார், மாத்திரையிலும் ஒன்றை மாற்றினார். இரவுப்பணி அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பாக்கெட் இப்போது பீரோ மேலே இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா கேட்டார், மாத்திரைச் சீட்டைக் காட்டினால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டார்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். பாய் சொன்னபடி வீட்டில் உள்ளதையெல்லாம் மேசையில் எடுத்து வைத்தேன். அப்பாவின் கட்டிலடியில் தகர டப்பா நிறைய, வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் கரைத்தால் பொங்குமே, அந்தப் பொடி! ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று, சில நாள் இரண்டு. இது மருந்துதானே, இதிலும் உப்பு உண்டா?

இரவுப்பணி | அடுத்த செவ்வாய், இரவு 8.25

உண்டு, நிறைய. அது சோடாவும் புளிப்பும் சேர்ந்ததுதான். சில பாக்கெட்டில் ஒன்றுக்கே 800 மில்லிகிராம் சோடியத்தைத் தாண்டும். தண்ணீரில் கரைந்து பொங்கும் பாராசிட்டமாலும் அப்படியே, ஒரு மாத்திரைக்கு 400 போல. சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமாலில் அந்தத் தொந்தரவு இல்லை. உப்புசத்துக்கு வேறு மருந்து டாக்டரிடம் கேள். நீ குழம்பில் பிடித்துப் பிடித்து மிச்சம் பண்ணியதை அப்பா ராத்திரி டம்ளரில் குடித்திருக்கிறார்.

மோல்மேன் அத்தை | அடுத்த செவ்வாய், இரவு 9.00

ஓமத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடு. பழைய வழிதான், வாயுவுக்கு நல்லது.

பெகு மாமா | அடுத்த செவ்வாய், இரவு 9.30

எங்கள் வீட்டிலும் அந்தப் பொடி இருக்கிறது. சரி, சரி. இந்துப்பு தீர்ந்ததும் சாதா உப்பே வாங்குகிறேன், விலையாவது குறைவு.

தட்டோன் மகள் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.40

இந்த இழையை மறக்கவில்லை. நிலவரம் சொல்கிறேன். பிரஷர் 138க்கு இறங்கியிருக்கிறது. மருந்தும் மாற்றினார்கள், அதனால் முழுப் பெருமையும் சமையலுக்கு இல்லை. கால் வீக்கம் இல்லை. தைல டப்பா எங்கள் வீட்டிலும் வந்துவிட்டது. அம்மா ஙப்பி வைப்பதை நிறுத்தினார் என்று சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டாணி அளவு. அந்தச் சண்டையை நான் விட்டுவிட்டேன்.

இன்றைக்கு நடந்ததுதான் எழுத வைத்தது. அப்பா காலையில் நடந்துபோய், இருபது வருடமாகச் சாப்பிடும் தெருமுனைக் கடையில் எனக்குத் தெரியாமல் மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிட்டிருக்கிறார். பாதிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கடைக்காரம்மாவிடம் சண்டை. "கை மாறிப்போச்சு, உப்பை வாரிக் கொட்டியிருக்கே" என்று. அந்த அம்மா என்னிடம் வந்து முறையிடுகிறார், அதே கை, அதே அளவு என்று. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டு, அந்தக் கடையை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 7.30

நாக்கு பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். சொல்லாதே, கடைக்காரம்மா மேலேயே பழி இருக்கட்டும். அடுத்த டெஸ்ட் தேதியை மட்டும் விட்டுவிடாதே.

படகுக்காரன், டாலா | ஞாயிறு, இரவு 8.10

தங்கச்சி, அந்தச் சுட்ட வெங்காயத் தொட்டுக்குக் கடைசியில் என்ன அளவு பிடித்தாய்? அத்தை சொன்னது தக்காளிக்கு, நர்ஸ் அக்கா மாற்றியதில் எனக்குக் குழம்பிவிட்டது.

தட்டோன் மகள் | ஞாயிறு, இரவு 8.35

அண்ணே, இரண்டு பேருக்கு: பெரிய வெங்காயம் மூன்று, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் நாலு, பூண்டு பத்துப் பல். வெங்காயத்தைத் தோலோடு சுடுங்கள், உள்ளே வெந்து இனிப்பு இறங்கும், அதனால் வெல்லம் வேண்டாம். எலுமிச்சையை இடித்த பிறகு பிழியுங்கள். கரி இல்லையென்றால் கேஸ் அடுப்பில் நேரே வைத்துத் திருப்பலாம், ஆனால் அடுப்பைத் துடைக்க அரை மணி நேரம் ஆகும்.